அசைக்ளோவிர்: களிம்பு, மாத்திரை, ஊசி மூன்றையும் எடைபோட்டுப் பார்த்தால்

மருந்து ஒன்றுதான். சின்ன டியூபில் களிம்பாகவும் வருகிறது, அட்டையில் மாத்திரையாகவும் வருகிறது, மருத்துவமனையில் டிரிப்ஸாகவும் ஏறுகிறது. உதட்டுக் கொப்புளத்துக்குத் தடவுவதும் அசைக்ளோவிர்தான், ஹெர்பிஸ் மூளை அழற்சியில் உயிரைப் பிடித்து நிறுத்துவதும் அசைக்ளோவிர்தான். ஆனால் இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடல்ல. எளிதாகக் கைக்கு எட்டும் களிம்புதான் மூன்றிலும் பலம் குறைந்தது. பலரும் அதை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, இந்த மருந்தே வேலைக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வைரஸ் எந்தக் கட்டத்தில் இந்த மருந்திடம் மாட்டுகிறது என்பது தெரிந்தால், எந்த வடிவத்தை எப்போது எடுப்பது என்ற கேள்விக்கு ஊகம் தேவைப்படாது. அதனால் மதிப்பீட்டை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

உதட்டுக் கொப்புளத்தையும் அந்த மூளை அழற்சியையும் உண்டாக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் ஒரு டி.என்.ஏ. வைரஸ். அதன் மரபுத்தொகுதியில் சுமார் 1,52,000 கார இணைகள், அதாவது டி.என்.ஏ. ஏணியின் படிகள், இருக்கின்றன. வைரஸ்களில் இது பெரிய சரக்கு. தோல் செல்லின் மேற்பரப்பில் உள்ள நெக்டின் போன்ற புரதங்களைப் பிடித்து ஒட்டிக்கொள்கிறது. தன் உறையைச் செல் சவ்வோடு கலந்து, உள்கூட்டை மட்டும் உள்ளே தள்ளுகிறது. அந்தக் கூடு செல்லின் நுண்குழல்கள் வழியாக உட்கருவரை போய், உட்கருத் துளையில் நின்று டி.என்.ஏ.வை உள்ளே செலுத்துகிறது. பிறகு மரபணுக்கள் மூன்று அலைகளாக விழிக்கின்றன. முதல் அலைப் புரதங்கள் செல்லைத் தம் பிடிக்குள் கொண்டுவருகின்றன. இரண்டாம் அலையில் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதிகள் உருவாகின்றன. மூன்றாம் அலையில் கூடும் உறைப் புரதங்களும் தயாராகிப் புதிய வைரஸ்கள் வெளியேறுகின்றன. ஒரு நாள் முழுதாக ஓடுவதற்குள் இந்தச் சுற்று முடிந்துவிடுகிறது.

அசைக்ளோவிர் குறிவைப்பது அந்த இரண்டாம் அலையை. அதில் தைமிடின் கைனேஸ் என்ற நொதியும், டி.என்.ஏ. இழையைக் கோக்கும் பாலிமரேஸ் என்ற நொதியும் இருக்கின்றன. நரம்பு செல் போலப் பிரியாமல் இருக்கும் செல்களில் டி.என்.ஏ. செய்வதற்கான மூலப்பொருள் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் வைரஸ் சொந்தமாகத் தைமிடின் கைனேஸைச் சுமந்து வருகிறது. அசைக்ளோவிரின் அமைப்பு, டி.என்.ஏ.வின் கட்டுமானக் கற்களில் ஒன்றான டிஆக்சிகுவானோசினைப் போலவே இருக்கும். சர்க்கரை வளையம் மட்டும் முழுதாக இருக்காது. வளையமில்லாதது என்பதுதான் பெயரின் பொருளும். இந்தப் போலியின்மேல் முதல் பாஸ்பேட்டை ஏற்றும் வேலையை நம் செல்லின் நொதிகள் ஏறக்குறைய செய்வதே இல்லை. வைரஸின் தைமிடின் கைனேஸ் செய்கிறது. அதன்பின் நம் செல்லின் நொதிகள் இரண்டாவது, மூன்றாவது பாஸ்பேட்டுகளைச் சேர்த்துவிடுகின்றன. மூன்று பாஸ்பேட்டோடு தயாரான அசைக்ளோவிரை வைரஸின் பாலிமரேஸ் உண்மையான கல் என்று நம்பி வளரும் இழையில் பொருத்துகிறது. அடுத்த கல் வந்து ஒட்டுவதற்கான ஹைட்ராக்சில் முனை அதில் கிடையாது. இழை அங்கேயே நின்றுபோகிறது. பாலிமரேஸும் அந்த முனையிலேயே சிக்கிக்கொள்கிறது.

பூட்டைத் திறக்கும் சாவி வைரஸிடம் மட்டும் இருப்பதால், தொற்றில்லாத செல்லில் இந்த மருந்து கிட்டத்தட்ட சும்மாதான் கிடக்கிறது. இதற்கு முன் ஹெர்பிஸுக்குப் பயன்பட்ட விடராபினில் இவ்வளவு துல்லியம் கிடையாது. ஒரு வைரஸ் மருந்து நம் செல்லைத் தொடாமல் வைரஸை மட்டும் தாக்க முடியும் என்று நடைமுறையில் காட்டியது அசைக்ளோவிர். இது உருவான ஆய்வுக்கூடத்தை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியனுக்கு, ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் 1988இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அது முழுக்க முழுக்கத் தகுதியான விருது என்று சொல்வதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை.

இந்த இயக்கத்திலேயே மருந்தின் எல்லையும் இருக்கிறது. நகலெடுப்பு நடக்கும்போது மட்டுமே அது தாக்க முடியும். தோலில் புண் ஆறியபின் வைரஸ் உடம்பைவிட்டுப் போய்விடுவதில்லை. உணர்வு நரம்பு வழியாகப் பின்னோக்கிப் போய் நரம்பு முடிச்சில் தங்கிவிடுகிறது. உதட்டில் வந்தது முகத்துக்கு உணர்ச்சி தரும் ட்ரைஜெமினல் நரம்பின் முடிச்சில் தங்கும். பிறப்புறுப்பில் வந்தது இடுப்புப் பகுதியின் முடிச்சுகளில் தங்கும். அங்கே டி.என்.ஏ. வட்டமாகச் சுருண்டு உறங்குகிறது. தைமிடின் கைனேஸும் இல்லை, நகலெடுப்பும் இல்லை. அசைக்ளோவிருக்குப் பிடிக்க எதுவுமே இல்லை. எத்தனை மாதம் விழுங்கினாலும் அந்த உறங்கும் வைரஸ் அழியாது. காய்ச்சல், வெயில், உறக்கமின்மை, எதிர்ப்புச் சக்திக் குறைவு என்று ஏதாவது ஒன்று தூண்டினால் அதே நரம்பு வழியாக மறுபடி தோலுக்கு இறங்கும். இந்த மருந்து ஹெர்பிஸை அடியோடு ஒழிக்கும் என்று யாராவது விற்றால், அது பொய்.

முதலில் களிம்பு. பொதுவாகக் கிடைப்பது 5 விழுக்காட்டுக் களிம்பு. ஒரு நாளைக்கு ஐந்து முறை, சுமார் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, நான்கைந்து நாள் தடவ வேண்டும். உதட்டில் ஊறலோ எரிச்சலோ தொடங்கி, கொப்புளம் இன்னும் எழாத அந்தச் சில மணி நேரம்தான் இதற்கு வாய்ப்பு. ஆய்வுகளில் களிம்பு குறைத்தது சராசரியாக அரை நாள் அளவுதான். காரணம் எளிது: வைரஸ் பெருகுவது மேல்தோலின் அடி அடுக்கில், களிம்பு தங்குவது மேலே காய்ந்த அடுக்கில். அசைக்ளோவிர் எண்ணெயில் எளிதில் கரையாத மூலக்கூறு, தோலைத் துளைத்து இறங்குவதில் மந்தம். அதனால்தான் களிம்பில் புரொப்பிலீன் கிளைக்கால் சேர்க்கிறார்கள். சிலருக்கு எரிச்சலும் தோல் உரிதலும் வருவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். கொப்புளம் உடைந்து பொருக்குத் தட்டியபின் தடவுவதால் ஆவது எதுவுமில்லை. அந்தக் கட்டத்தில் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியே பொருக்கு வெடிக்காமல் காக்கும்.

களிம்பு தோற்கும் இன்னொரு வழி, தவறான புண்ணில் தடவுவது. நாக்கின் அடியிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வரும் வெள்ளை நிறக் குழிப் புண் ஹெர்பிஸ் அல்ல. வாயின் இரு ஓரங்களிலும் வெடித்துக் காந்துவதும் பெரும்பாலும் பூஞ்சையோ பாக்டீரியாவோதான். ஹெர்பிஸ் என்றால், உதட்டின் விளிம்பில் ஒரு பக்கமாக, சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள் கொத்தாக, முன்பு வந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வரும். இந்த அடையாளம் இல்லாதபோது டியூபைத் திறப்பதே வீண். தோலுக்கான களிம்பைக் கண்ணில் இடவே கூடாது. வாய்க்குள்ளும் பிறப்புறுப்பின் உட்புறத்திலும் தடவக் கூடாது. தடவியபின் கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்ப்பது இன்னும் மோசம், வைரஸைக் கண்ணுக்கே கொண்டுபோய்விடலாம்.

கண்ணுக்கு 3 விழுக்காட்டுத் தனிக் களிம்பு உண்டு. இதைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் தொனி மாறுகிறது, ஏனென்றால் களிம்பு வடிவம் முழு மதிப்போடு நிற்கும் இடம் இது. ஹெர்பிஸ் கருவிழியைத் தாக்கினால் கிளை பிரிந்த மரம் போன்ற புண் உண்டாகும்; புளோரசின் சாயம் இட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் அந்தக் கிளைகள் பச்சையாக ஒளிரும். மருந்தை நாளுக்கு ஐந்து முறை இட வேண்டும். புண் முழுதாக ஆறியபிறகும் குறைந்தது மூன்று நாள் தொடர வேண்டும். கருவிழியில் மருந்து நன்றாகவே ஊடுருவுகிறது. சிவந்த கண்ணுக்கு என்று ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மட்டும் தானாக வாங்கி இடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய கேடு. ஸ்டீராய்டால் உடலின் எதிர்ப்பு அடங்கிப்போன கருவிழியில் வைரஸ் தடையின்றிப் பரவி, பார்வையையே பறித்துவிடலாம். கண் மருத்துவர் பார்க்காமல் இதில் ஒரு துளியும் இடக் கூடாது.

அடுத்து மாத்திரை. இதன் பெரிய குறை, குடல் அதைச் சரியாக உறிஞ்சாதது. விழுங்கியதில் 10 முதல் 20 விழுக்காடுதான் ரத்தத்துக்குப் போகிறது. அளவைக் கூட்டக் கூட்ட அந்த விகிதமும் குறைகிறது. ரத்தத்தில் மருந்தின் அரை ஆயுள் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். நாளுக்கு ஐந்து வேளை என்ற சிரமமான கணக்கு இதிலிருந்துதான் வருகிறது. சாப்பாட்டோடு எடுத்தாலும் வெறும் வயிற்றில் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வேளை தவறுவதுதான் வித்தியாசம் செய்கிறது. மருந்து வடிந்த அந்த இடைவெளியில் வைரஸ் மறுபடி நகலெடுக்கத் தொடங்கிவிடும்.

அளவு நோய்க்கு நோய் மாறும். சிறுநீரகம் நன்றாக இருக்கும் பெரியவர்களுக்கு, பிறப்புறுப்பு ஹெர்பிஸ் முதல்முறை வரும்போது 400 மி.கி. மூன்று வேளை, 7 முதல் 10 நாள். அக்கிக்கு 800 மி.கி. ஐந்து வேளை, 7 நாள். அக்கியை உண்டாக்கும் வேரிசெல்லா சோஸ்டர் வைரஸ் இந்த மருந்துக்கு ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் அளவுக்கு எளிதில் மடிவதில்லை, ரத்தத்தில் அதிக அளவு மருந்து வேண்டும். வீட்டில் உதட்டுக் கொப்புளத்துக்காக வாங்கிய 200 மி.கி. மாத்திரையை அக்கிக்கு எடுத்துக்கொள்கிறவர்கள் தோற்பது இதனால்தான். பெயர் சரி, அளவு கால்வாசி.

அக்கியில் நேரமும் கறாரானது. கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அதற்குப் பிறகும் புதுக் கொப்புளம் வந்துகொண்டே இருந்தாலோ, நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வந்திருந்தாலோ தாமதம் என்று விட்டுவிடக் கூடாது. மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் நரம்பு ஒன்றே என்பதால், அங்கே கொப்புளம் வந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மருந்து கொப்புளம் ஆறுவதை விரைவுபடுத்தும், ஆரம்ப வலியையும் தணிக்கும். ஆனால் அக்கி ஆறியபின் மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலியைத் தடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது. அந்த வலிக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன, தனியாகக் கேட்க வேண்டும். சின்னம்மை வந்த பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் தடிப்புத் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் உண்டு. மற்றபடி ஆரோக்கியமான சிறு குழந்தைக்குச் சாதாரணச் சின்னம்மையில் பொதுவாக இதைத் தருவதில்லை.

ஐந்து வேளைக் கணக்கிலிருந்து விடுபட வேலாசைக்ளோவிர் வந்தது. அசைக்ளோவிரோடு வேலின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டவைத்த வடிவம் இது. குடலில் புரதத் துணுக்குகளை உள்ளே இழுக்கும் கடத்திகள் இதையும் உணவு என்று எண்ணி இழுத்துக்கொள்கின்றன. குடல் சுவரிலும் கல்லீரலிலும் வேலின் பிரிந்து, அசைக்ளோவிர் மட்டும் ரத்தத்தில் சேர்கிறது. உறிஞ்சப்படும் அளவு சுமார் 54 விழுக்காடாக ஏறுகிறது. அக்கிக்கு 1 கிராம் மூன்று வேளை போதும். உதட்டுக் கொப்புளத்துக்கு 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம், அவ்வளவுதான்; ஆய்வுகளில் இந்த ஒரு நாள் சிகிச்சை சுமார் ஒரு நாள் அளவு நோயைச் சுருக்கியது. களிம்பைப் போல் இரு மடங்கு. வாங்கும் நிலையில் இருப்பவர்களுக்கு எங்கள் தேர்வு தயக்கமின்றி வேலாசைக்ளோவிர்தான். பழைய அசைக்ளோவிர் மாத்திரை மட்டமானது என்று இதற்குப் பொருளல்ல. வேளை தவறாமல் விழுங்க முடிந்தால் அது இன்றும் நல்ல மருந்து. ஐந்து வேளையையும் ஏழு நாளும் தவறாமல் விழுங்குகிறவர்கள் குறைவு என்பதுதான் சிக்கல்.

அடிக்கடி திரும்பி வருகிறவர்களுக்கு, குறிப்பாக ஆண்டுக்கு ஆறு முறைக்கு மேல் என்றால், தினமும் எடுக்கும் தடுப்பு முறை இருக்கிறது: அசைக்ளோவிர் 400 மி.கி. இரு வேளை, அல்லது வேலாசைக்ளோவிர் 500 மி.கி. ஒரு வேளை. உறங்கும் வைரஸை இது தொடுவதில்லை. விழித்து நகலெடுக்கத் தொடங்கும் கணத்திலேயே அமுக்கிவிடுகிறது. இணையருக்குத் தொற்றும் வாய்ப்பையும் வேலாசைக்ளோவிர் ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. பாதிதான், முழுதாக அல்ல. புண்ணே இல்லாத நாளிலும் தோலிலிருந்து வைரஸ் உதிர முடியும். நிறுத்தினால் பழைய கதைக்குத் திரும்புவதும் இயல்பு; அதை மருந்தின் தோல்வி என்று எண்ண வேண்டாம்.

ஊசி வடிவம்தான் இந்த மருந்தின் உண்மையான பெருமை. ஹெர்பிஸ் மூளை அழற்சிக்குச் சிகிச்சை தராவிட்டால் பத்தில் ஏழு பேர் இறந்துபோவார்கள். அசைக்ளோவிர் அதைப் பத்தில் மூன்றுக்குக் கீழே கொண்டுவந்தது. பிழைத்தவர்களில் பலருக்கு நினைவுக் குறைவும் வலிப்பும் தங்கிவிடுவதால், ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வரும். காய்ச்சலோடு திடீர்க் குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், புதிதாக வலிப்பு என்று ஒருவர் வந்தால், முதுகுத் தண்டு நீரில் வைரஸின் டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். சோதனையின் முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்க வேண்டும். கிலோவுக்கு 10 மி.கி., எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, 14 முதல் 21 நாள். பிறந்த குழந்தைக்குக் கிலோவுக்கு 20 மி.கி. தேவை. நோய் தொடங்கிய முதல் சில நாட்களில் எடுத்த பி.சி.ஆர். வைரஸ் இல்லை என்று தவறாகக் காட்டக்கூடும். சந்தேகம் வலுவாக இருந்தால் மருந்தை நிறுத்தாமல் சில நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பதே முறை. நிலை தேறியதும் மாத்திரைக்கு மாற்றிவிடலாம் என்ற ஆசையும் இங்கே ஆபத்து. மாத்திரை தரும் அளவு மூளைக்குப் போதாது.

ஊசியில் தவறு நடக்கும் இடம் சிறுநீரகம். அசைக்ளோவிர் நீரில் கொஞ்சமாகத்தான் கரையும். சட்டென்று ஏற்றினால் சிறுநீரக நுண்குழலில் ஊசி ஊசியாகப் படிகம் விழுந்து குழல் அடைபடும். ஓரிரு நாளில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறும். அதனால் ஒருபோதும் ஒரே தள்ளாகச் செலுத்தக் கூடாது. மி.லி.க்கு 7 மி.கி.க்கு மேல் போகாமல் நீர்த்து, குறைந்தது ஒரு மணி நேரம் ஓட விட வேண்டும். முன்னும் பின்னும் உடலில் நீர்ச்சத்து போதுமானதாக இருக்க வேண்டும், சிறுநீர் அளவைக் குறித்துவர வேண்டும். பருமனான நோயாளிக்குத் தராசில் காட்டும் எடையை வைத்துக் கணக்கிட்டால் அளவு மிஞ்சிவிடும். உயரத்துக்கு உரிய எடையே கணக்கு. கரைசலின் காரத்தன்மை மிக அதிகம், பி.எச். 11 அளவு. ரத்தக்குழாயைவிட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்துத் திசு வெந்துபோகும், எனவே ஊசி ஏறிய இடத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். கரைத்த மருந்தைக் குளிர்பெட்டியில் வைத்தால் படிகம் விழுந்துவிடும்.

மாத்திரையானாலும் ஊசியானாலும் மருந்து வெளியேறும் வழி சிறுநீரகம்தான். கிரியாட்டினின் கூடியிருப்பவர்களுக்கு அளவைக் குறைத்து, இடைவெளியைக் கூட்ட வேண்டும். இதைப் பார்க்காமல் முழு அளவு அக்கி மருந்தைக் கொடுத்த முதியவர்களிடம் இரண்டு மூன்று நாளில் குழப்பம், இல்லாததைக் காண்பது, கைகால் வெட்டி வெட்டி இழுப்பது எல்லாம் தோன்றும். வைரஸ் மூளைக்கு ஏறிவிட்டது என்று எண்ணி மருந்தை இன்னும் கூட்டுவது, நடக்கக்கூடிய மிகப் பெரிய தவறு. நிறுத்தினால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார்கள். கடுமையாக இருந்தால் டயாலிசிஸ் மருந்தை நன்றாக வெளியே எடுத்துவிடும். வலிக்கு என்று இப்யூபுரூஃபன் வகை மாத்திரைகளையும் சேர்த்து எடுத்தால் சிறுநீரகத்தின் சுமை கூடும். அக்கி வலியில் இருப்பவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள் என்பதால் மருந்துச் சீட்டு எழுதும்போதே சொல்லிவிட வேண்டும்.

இதே குடும்பத்து வைரஸ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்று எண்ண வேண்டாம். சைட்டோமெகலோ வைரஸிடம் தைமிடின் கைனேஸே கிடையாது. அதன் வேறொரு கைனேஸ் கான்சிக்ளோவிர் என்ற வேறு மருந்தைத்தான் நன்றாகப் பிடிக்கிறது. சளிக்காய்ச்சலுக்கும் கோவிட்டுக்கும் அசைக்ளோவிர் எதுவும் செய்யாது. அவை ஆர்.என்.ஏ. வைரஸ்கள், இந்தப் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை.

மருந்துக்கு வைரஸ் பணியாமல் போவதும் உண்டு. எதிர்ப்புச் சக்தி நன்றாக இருப்பவர்களிடம் இது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களிடமும் ஹெச்.ஐ.வி. முற்றியவர்களிடமும் அதைவிட அதிகம். வைரஸ் பெரும்பாலும் செய்வது, தன் தைமிடின் கைனேஸை இழந்துவிடுவது; சாவியையே தூக்கி எறிந்துவிடுகிறது. சரியான அளவில் பத்து நாள் எடுத்தும் புண் ஆறாமல் பரவினால், புண்ணிலிருந்து மாதிரி எடுத்து எதிர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். வேலாசைக்ளோவிருக்கோ இதே வகை மருந்தான ஃபாம்சிக்ளோவிருக்கோ மாற்றுவதில் பயனில்லை, அவற்றுக்கும் அதே சாவிதான் வேண்டும். பாஸ்பேட் ஏற்ற வேண்டிய தேவையே இல்லாமல் பாலிமரேஸை நேராக அடைக்கும் ஃபாஸ்கார்னெட் ஊசிதான் அப்போது கைகொடுக்கிறது. அதற்குச் சிறுநீரகத்தையும் ரத்தத்தில் உள்ள கால்சியத்தையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருக்கும். ஆனால் கைனேஸை இழந்த வைரஸுக்கு நரம்பு முடிச்சிலிருந்து மறுபடி எழுவது கடினம். அதனால் அடுத்தமுறை அதே ஆளுக்குப் புண் வரும்போது, பல நேரங்களில் எழுந்து வருவது மருந்துக்குப் பணியும் பழைய வைரஸ்தான். சிகிச்சையை மறுபடி அசைக்ளோவிரிலிருந்தே தொடங்கலாம்.